மெடிக்கலைச் சரிக்கட்டித் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மத்திய கிழக்கு வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர்கள் மறுபடியும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்குகிறார்கள். என் தங்கையிடம் 60,000 ரூபாவைப் பறித்தவனும் அப்படி வந்தவன்தான்.

தங்கைக்கு முன்பு காசநோய் இருந்தது. 6 மாதமும் தவறாமல் மாத்திரை விழுங்கினாள். குணமாகிவிட்டது என்று மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எழுதியே கொடுத்தார்கள். இன்று அவளிடமிருந்து யாருக்கும் நோய் தொற்றாது. ஆனால் எக்ஸ்ரேயில் தழும்பு தெரிகிறது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் எடுக்கும் மெடிக்கல் பரிசோதனையில் ஆறிய தழும்பைக் கண்டாலும் தகுதியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கூடையைச் சுமந்து மலையேறிக் கொழுந்து பறிப்பவளுக்கு வீடு கூட்ட உடம்பு போதாதாம். இது என்ன நியாயம்?

அவள் எதையும் மறைக்கவில்லை; குணமான சான்றிதழை அந்தத் தரகன் கையிலேயே கொடுத்தாள். "தழும்புதானே தங்கச்சி, கொழும்பில் நமக்கு ஆள் இருக்கிறது, சரிக்கட்டிவிடலாம்" என்றான். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. பற்றுச்சீட்டுக் கேட்டால், நம்பிக்கை இல்லையா என்று முகத்தைச் சுளித்தான். முடிவு வந்தது: தகுதியில்லை. அறிக்கையைக் கண்ணிலும் காட்டாமல், வேறு இடத்தில் எடுக்கலாம் என்று மேலும் காசு கேட்டான். மறுத்ததும் கடவுச்சீட்டைத் தர முடியாது என்றான்.

அதைவிடக் கொடுமை, அவளுக்கு நோய் என்று டவுன் முழுக்கச் சொல்லிவைத்தான். வேலைக்கு வரச் சொல்லியிருந்த துணிக்கடையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். வேலையில் பாகுபாடு கூடாது என்கிற 111ஆம் இலக்க சர்வதேசத் தொழில் சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றிருக்கிறது. ஆனாலும் அடிப்படை உரிமை வழக்கை அரசின் செயலுக்கு எதிராகத்தான் போடலாம். கடை முதலாளியை அதில் நிறுத்த முடியாது. நோய் குணமான பிறகும் வேலை தராமல் விரட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு வசதி!

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரித்தபோதுதான் அந்தத் தரகனுக்கு அனுமதிப்பத்திரமே இல்லை என்று தெரிந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அது இல்லாமல் ஆள் அனுப்புவது குற்றம். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து முகவரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பழைய காசநோய் இருந்தால் மார்பு நோய் டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிப் பேசாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முகவர் உங்கள் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டால், வாங்கியதை எழுத்தில் தரக் கேளுங்கள்.

பொலிஸ் முறைப்பாட்டுக்குப் பிறகு கடவுச்சீட்டு வந்துவிட்டது. காசு வரவில்லை, தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.