இடத்தையும் எழுத்தையும் ஒரே பக்கத்தில் வைத்தல்: செமான்டிக் மீடியாவிக்கி, மேப்ஸ் நீட்சி பற்றிய மதிப்புரை

வடக்கே தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், ராமேசுவரம் வழியாகத் தனுஷ்கோடி முனை வரையிலும், அங்கிருந்து மறுபுறம் திரும்பிக் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரையிலும் நீளும் எங்கள் மாவட்டக் கரையில், ஊர்களின் பெயர்க்காரணம், ஊருணிகள், கரைவலை இழுக்கும் இடங்கள், பழைய சத்திரங்கள், கடலுக்குள் கிடக்கும் பார்கள் (பாறைத்திட்டுகள்) ஆகியவற்றைப் பதிந்து வைக்கும் வேலையை நண்பர்கள் சிலர் சேர்ந்து செய்து வருகிறோம். தொடக்கத்தில் எல்லாம் ஒரு விரிதாளில் இருந்தன. இடத்தின் பெயர் ஒரு நிரல், அட்சரேகை ஒரு நிரல், தீர்க்கரேகை ஒரு நிரல், கடைசியில் ‘குறிப்பு’ என்றொரு நிரல். அந்தக் கடைசி நிரலில்தான் எங்கள் வேலையின் உயிரே இருந்தது. ஆனால் ஒரு முதியவர் ஒரு மணி நேரம் சொன்ன செய்தியை ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியவில்லை. அதன் பிறகே செமான்டிக் மீடியாவிக்கிக்கு மாறினோம். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, அமைவிடத் தரவைச் சேமிக்க அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளின் மேல் பொருத்தப்படும் நீட்சியே செமான்டிக் மீடியாவிக்கி. 2005இல் முதல் பதிப்பு வெளிவந்தது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னி விராண்டெசிச் பின்னாளில் 2012இல் தொடங்கிய, விக்கிப்பீடியாவின் சகோதரத் தரவுக் களஞ்சியமான விக்கித்தரவுத் திட்டத்துக்கும் தலைமை வகித்தார் என்பதால், இரண்டுக்கும் இடையே உள்ள உறவை எளிதில் காணலாம். சாதாரண விக்கிப் பக்கத்தில் எழுதும் ஒரு வரியை, கணினி பொருள் புரிந்து தேடக்கூடிய தரவாக மாற்றுவதே இதன் பணி. [[அமைவிடம்::9.2875, 79.3130]] என்று பக்கத்தின் நடுவே எழுதினால், படிப்பவருக்கு அது வெறும் எண்ணாகத் தெரியும், மென்பொருளுக்கோ ‘இந்தப் பக்கம் பேசும் பொருள் இந்த ஆள்கூற்றில் (அட்சரேகை, தீர்க்கரேகை இணையில்) இருக்கிறது’ என்ற கூற்றாகப் பதிவாகும். ‘அமைவிடம்’ என்பதைப் போன்ற தரவுப் பெயரைப் பண்பு என்பார்கள்; அந்தப் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ள முடிவது எங்களுக்குப் பெரும் நிறைவு.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். செமான்டிக் மீடியாவிக்கியை மட்டும் நிறுவினால் ஆள்கூறு என்ற தரவு வகை கிடைக்காது. மேப்ஸ் என்ற நீட்சியையும் சேர்த்து நிறுவினால்தான் கிடைக்கும். முன்பு செமான்டிக் மேப்ஸ் என்று தனியாக ஒரு நீட்சி இருந்தது. அது பிறகு மேப்ஸுக்குள்ளேயே கலந்துவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் படித்து அதைத் தேடி நாங்கள் ஒரு நாளை வீணாக்கினோம். நிறுவுவதற்குக் கம்போசர் என்ற கருவியும், சேவையகத்தில் கட்டளைவரி (கட்டளைகளைத் தட்டச்சிட்டு இயக்கும் வழி) அனுமதியும் தேவை. பண்பின் வகையை மாற்றினாலோ பல பக்கங்களுக்குப் பொதுப் படிவமாக இருக்கும் வார்ப்புருவைப் பெரிய அளவில் திருத்தினாலோ தரவை மறுபடி கட்டியெழுப்பும் நிரலை ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே கட்டளைவரி தராத மலிவான சேவையகத்தை வாங்கிவிட்டு இதில் இறங்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். மென்பொருளுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. லீஃப்லெட் என்ற வரைபடக் கருவி வழியாக, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற கட்டற்ற வரைபடத்தைக் காட்டினால் எந்தத் திறவுகோலும் (சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் அனுமதிக் குறியீடு) வேண்டியதில்லை. கூகுள் மேப்ஸ் வேண்டுமென்றால் அந்நிறுவனத்தின் திறவுகோலைப் பெற்றாக வேண்டும்.

இதன் உண்மையான வலிமை வினவலில் இருக்கிறது. ‘ஊருணி’ என்ற பகுப்பில் உள்ள பக்கங்களுள் அமைவிடம் பதிந்தவற்றை எல்லாம் எடுத்து வரைபடத்தில் காட்டு என்று ஓரிரு வரியில் கேட்டால், அந்தப் படம் எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டதோ அங்கே தானாகவே புதுப்பிக்கப்பட்டு நிற்கிறது. புதிதாக ஓர் ஊருணியைப் பதிந்தால் படத்தில் ஒரு புள்ளி கூடும். புள்ளியைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்கே போய்விடலாம். அங்கே அதை யார் வெட்டினார், எந்த மாதம் வரை நீர் நிற்கும், இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்ற முழு எழுத்தும் காத்திருக்கும். அதே விடையை வரைபட மென்பொருள்களுக்கான கேஎம்எல் கோப்பாகவும் விரிதாளுக்கான சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கிக்கொள்ளலாம் என்பதால், தரவு இந்த மென்பொருளுக்குள் சிறைப்பட்டுவிடும் என்ற அச்சமும் இல்லை.

தூரத்தைக் கொண்டும் வினவலாம். ஓர் ஆள்கூற்றை எழுதி அதையடுத்து அடைப்புக்குறிக்குள் 10 கி.மீ. என்று குறித்தால், அந்தத் தொலைவுக்குள் இருக்கும் இடங்கள் வந்துவிடும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை மையமாக வைத்து இதைச் சோதித்தபோது, 10 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சில இடங்களும் பட்டியலில் வந்தன. காரணம் இதுதான்: மென்பொருள் வட்டம் வரைந்து பார்ப்பதில்லை, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எல்லைகளைக் கணக்கிட்டு ஒரு கட்டத்துக்குள் தேடுகிறது. கட்டத்தின் மூலை மையத்திலிருந்து ஏறத்தாழ 14 கி.மீ. தள்ளி இருக்கும். சுற்றுப்புறத்தைத் தோராயமாக அறிய இது போதும். துல்லியமான தொலைவை வைத்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இதை நம்பக் கூடாது.

அதைவிட முக்கியமான ஒரு பாடத்தை மண்டபம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அங்கே நிலம் நாக்குப்போல் ஒடுங்கி, பாக் நீரிணைப்பக்கத்து வடகடலையும் மன்னார் வளைகுடாவான தென்கடலையும் பிரிக்கிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் படகில் போக வேண்டுமானால் பாம்பன் கால்வாயைக் கடந்தாக வேண்டும். இரு கடல்களின் ஆழமும் அலையும் மீனும் வேறு. ஒரு பக்கம் கொந்தளிக்கும் பருவத்தில் மறுபக்கம் அமைதியாக இருப்பதும் உண்டு. வடகடல் ஊர் ஒன்றைச் சுற்றி 5 கி.மீ. என்று கேட்டால், மென்பொருள் தென்கடல் ஊர்களையும் ‘அருகில்’ என்று கொண்டுவந்து வைத்துவிடும். நேர்கோட்டுத் தொலைவுக்குக் கடல் தெரியாது. ‘கடற்புறம்’ என்றொரு பண்பை உருவாக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் வடகடல் அல்லது தென்கடல் என்று பதிந்து, தூரத்தோடு அதையும் சேர்த்து வினவிய பிறகே விடை எங்கள் கரையின் நடப்போடு பொருந்தியது. வெறும் வரைபடக் குறியீட்டுச் சேவைகளில் இப்படிச் சேர்த்துக் கேட்க வழியில்லை; செமான்டிக் விக்கியை நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். மீன்பிடிப் படகுகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி பெரும்பாலும் பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலையின் தசமம் என்ற முறையில் எண்ணைக் காட்டும்: 9° 17.25', 79° 18.78' என்பதுபோல. பாகைக் குறியோடு எழுதினால் மேப்ஸ் நீட்சி இதைச் சரியாகவே புரிந்துகொள்கிறது. ஆனால் கைப்பேசியில் அந்தக் குறியைத் தேடி எடுக்கச் சோம்பிய ஒருவர் 9.1725, 79.1878 என்று பதிந்துவிட்டார். சரியான தசம மதிப்பு 9.2875, 79.3130. விளைவாக, ராமேசுவரத்தில் இருக்க வேண்டிய இடம் ஏறத்தாழ 19 கி.மீ. தென்மேற்கே நகர்ந்து தென்கடலுக்குள் போய் நின்றது. மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பார்வையில் இரண்டுமே செல்லத்தக்க ஆள்கூறுகள்தாம். அதேபோல, விக்கியில் அட்சரேகை முதலில் வரும். ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்புகளிலோ தீர்க்கரேகை முதலில் வரும். அப்படிப்பட்ட ஒரு கோப்பிலிருந்து படியெடுத்தபோது எங்கள் ஊர்கள் சில, நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் தோன்றின. இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும். முதலில் சொன்ன பிழை படாது; கடற்கரையைப் பதிபவருக்குக் கடலுக்குள் ஒரு புள்ளி இருப்பது இயல்பாகவே தோன்றும். ஒவ்வொரு பதிவையும் வேறொருவர் வரைபடத்தில் திறந்து பார்த்து ஒப்ப வேண்டும் என்ற விதியை அதன் பிறகே வகுத்தோம்.

துல்லியத்தைப் பதிய இதில் இடமில்லை என்பது இரண்டாவது குறை. 9.28 என்று எழுதினாலும் 9.2800 என்று எழுதினாலும் தரவுத்தளத்தில் ஒன்றுதான். முன்னது ஒரு கிலோமீட்டர் அளவிலான தோராயம். பின்னது சுமார் 11 மீட்டர் வரை நிச்சயம் என்று சொல்வது. விக்கித்தரவு ஒவ்வொரு ஆள்கூற்றோடும் அதன் துல்லியத்தையும் சேர்த்தே வைக்கிறது. இங்கே அதை நாமே ஒரு பண்பாக உருவாக்க வேண்டும். நாங்கள் துணைப்பொருள் என்ற வசதியைக் கையாண்டோம். ஒரு பக்கத்துக்குள்ளேயே ஆள்கூறு, பதிந்த நாள், அளந்த விதம், சொன்னவர் என்று ஒரு கட்டாகச் சேமிக்கலாம். வேண்டிய அளவுக்கு அத்தகைய கட்டுகளை அடுக்கலாம். மணல்திட்டுகளும் தீவுகளும் உருமாறிக்கொண்டே இருக்கும் கரைக்கு இது மிகவும் தேவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டும் நீருக்குள் மூழ்கிவிட்டன. 1964 டிசம்பர் புயலுக்கு முன்பிருந்த தனுஷ்கோடியின் தெருக்களை நினைவிலிருந்து சொல்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இத்தகைய இடங்களுக்கு ‘எங்கே’ என்ற கேள்விக்கு ‘எப்போது’ என்பதும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும். துணைப்பொருள் அதற்கு இடம் தருகிறது.

பரப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வரைபடத்தில் கோடும் பரப்பும் வரையலாம். ஆனால் ஒரு புள்ளி அந்தப் பரப்புக்குள் இருக்கிறதா, ஒரு பரப்பு மற்றொன்றை வெட்டுகிறதா என்று வினவ முடியாது. கண்மாயின் ஆயக்கட்டு, தேசியப் பூங்காவின் எல்லை போன்றவற்றுக்குக் கியூஜிஐஎஸ் போன்ற புவியியல் தகவல் மென்பொருளையே நாட வேண்டும். விக்கியில் புள்ளி, அங்கே பரப்பு என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அட்டவணை வடிவத்தில் யோசித்துப் பழகியவர்களுக்குக் கார்கோ என்ற மாற்று நீட்சியும் இருக்கிறது. வார்ப்புருவே அட்டவணையை வரையறுத்துவிடுவதால் அதைக் கற்பது எளிது. எழுத்தின் இடையிலேயே தரவைப் பதிவதுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது என்பதால் நாங்கள் மாறவில்லை.

கடைசியாக, நான் மிகவும் கவலைப்பட்ட ஒன்று. மீடியாவிக்கி எல்லோரும் படிப்பதற்காகக் கட்டப்பட்டது. ஒரு பண்பை மட்டும் சிலருக்கு மறைத்து வைக்க இதில் நம்பத்தக்க வழியில்லை; பக்கத்தைத் திறக்க முடியாதவாறு பூட்டினாலும் வினவல் வழியாக மதிப்பு வெளியே வந்துவிடக்கூடும். பார்களின் இருப்பிடத்தைப் பதியத் தொடங்கியபோது, மண்டபத்தில் வயதான மீனவர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, பாரின் பெயரையும் அதன் கதையையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி, இடத்தை எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் நேராக வைத்து அவரும் அவர் தந்தையும் கண்டறிந்த இடங்கள் அவை. கடல் அட்டை என்ற உயிரினம் 2001இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டும் அதைத் திருட்டுத்தனமாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு வழிகாட்டும் வரைபடத்தை நாமே வரைந்து கொடுக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதில் அடங்கும்.

அவர் சொன்னபடியே செய்தோம். அதிலும் மென்பொருளின் ஓர் இயல்பு குறுக்கே வந்தது: ஒரு பண்பு ‘இருக்கும்’ பக்கங்களைக் கேட்கலாமே தவிர, ‘இல்லாத’ பக்கங்களைக் கேட்க வினவல்மொழியில் வழியில்லை. அதனால் அமைவிடம் விட்டுப்போன பக்கம் எது, வேண்டுமென்றே விடப்பட்ட பக்கம் எது என்று பிரித்தறிய முடியாமல், புதிதாக வந்த தன்னார்வலர் ஒருவர் அந்தப் பார்களுக்கு ஆள்கூறு தேடத் தொடங்கிவிட்டார். இப்போது ‘அமைவிட நிலை’ என்ற பண்பு எல்லாப் பக்கங்களிலும் கட்டாயம். அதற்கு நான்கு மதிப்புகள் மட்டுமே உண்டு: அளந்தது, சொல்லக் கேட்டது, இன்னும் தேட வேண்டியது, பதிய வேண்டாதது. பார்களின் பக்கங்கள் எல்லாம் நான்காவது பட்டியலில் இருக்கின்றன.