ஹென்றியா, மெக்காஃப்ரியா: அணிக்குப் பொருத்தமான ரன்னிங் பேக் யார்?

அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக்கின், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ஆட்டக்காரரின், திறமையை மட்டும் பார்த்தால் போதாது. எந்த அணியின் ஆட்டத் திட்டத்தில் ஓடுகிறார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டெரிக் ஹென்றியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி மூன்று அங்குல ஆள். 2024-இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு வந்த முதல் சீசனிலேயே 1,921 யார்டு ஓடினார். அதற்கு அவருடைய கால்பலம் பாதிக் காரணம், ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சன் மீதிக் காரணம். ஜாக்சன் பந்தை ஹென்றியிடம் கொடுப்பாரா, தானே வைத்துக்கொண்டு ஓடுவாரா என்று எதிரணித் தடுப்பாளர் ஒரு கணம் தயங்குகிறார். அதற்குள் ஹென்றி வேகமெடுத்துவிடுவார். அப்புறம் அவரைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரி வேறு ரகம். சான் பிரான்சிஸ்கோ அணியில் பயிற்சியாளர் கைல் ஷனஹான் வகுக்கும் ஓட்டத்தில் முன்வரிசை மொத்தமும் பக்கவாட்டில் நகரும். எங்கே இடைவெளி திறக்கிறது என்று பொறுமையாகப் பார்த்து, சட்டென்று வெட்டித் திரும்ப வேண்டும். 2023-இல் 1,459 யார்டு ஓடியதோடு குவார்ட்டர்பேக் எறிந்த 67 பாஸ்களையும் பிடித்தார். ஹென்றி 2024-இல் பிடித்தவை 19தான்.

பொருத்தம் என்று வந்தால் என் ஓட்டு மெக்காஃப்ரிக்கே. அவர் களத்தில் நின்றால் வருவது ஓட்டமா, பாஸா என்று எதிரணியால் எளிதில் ஊகிக்க முடியாது. கடைசிக் கால்பகுதியில் முன்னிலையைக் காக்க வேண்டுமா? சரி, அப்போது பந்தை ஹென்றியிடம் கொடுங்கள்.