எஸ்ஸன் சோல்ஃபெரைன் சுரங்கம்: வழிகாட்டியோடு போங்கள்

ஜெர்மனியின் எஸ்ஸன் ரயில் நிலையத்தில் 107 டிராம் பிடித்தால், சோல்ஃபெரைன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கத்துப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே நிலத்துக்கு அடியில் இறங்க முடியாது. அந்த ஆசை இருந்தால் பக்கத்து ஊர் போஹுமில் இருக்கும் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பார்ப்பதற்கென்றே ஒரு மாதிரிச் சுரங்கம் வைத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியென்றால் சோல்ஃபெரைனில் என்ன இருக்கிறது? வளாகத்தைச் சுற்றிப் பார்க்கக் காசு கிடையாது, ஆனால் தனியாகச் சுற்றினால் இரும்பும் செங்கலும்தான் கண்ணில் படும். டிக்கெட் எடுத்து வழிகாட்டியோடு உள்ளே போங்கள். எங்களைக் கூட்டிப்போனவர் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர். 1932-ல் திறந்த 12-ஆம் குழியிலிருந்து நாளுக்கு 12,000 டன் நிலக்கரி மேலே வந்ததாம். நிலக்கரி வண்டிகள் தடதடத்து ஓடிய இடத்தில் நின்றுகொண்டு, இங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது என்று அவர் சொன்னபோது, இப்போதைய அமைதி என்னை என்னவோ செய்தது. 1986 டிசம்பரில் மூடிவிட்டார்கள். 2001-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

அப்புறம் ரூர் அருங்காட்சியகம், ரூர் என்பது இந்தச் சுரங்கப் பகுதியின் பெயர். நிலக்கரியைக் கழுவிப் பிரித்த கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. நீளமான ஆரஞ்சு நிற எஸ்கலேட்டரில் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

இந்தப் பகுதி முழுக்க அடியில் தோண்டித் தோண்டி நிலமே தாழ்ந்துவிட்டது, பல இடங்களில் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் ஊருக்குள் தண்ணீர் நின்றுவிடும். பூமிக்குள் குழாய் போட்டால் உடைந்துவிடும் என்று இங்கே ஓடும் எம்ஷர் ஆற்றையே நூறு வருஷத்துக்கு மேல் திறந்த சாக்கடையாக விட்டிருந்தார்கள், 2021 கடைசியில்தான் அதில் கழிவுநீர் கலப்பது நின்றது. ஜெர்மனியின் கடைசி நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் பக்கத்து போட்ராப்பில் 2018-ல் மூடியது. மூடினாலும் பம்ப் நிற்காது. இதெல்லாம் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும்.

படிகள் அதிகம், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சுற்றிக்காட்டும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். நிலக்கரியை அடுப்பில் சுட்டு கோக் என்ற எரிபொருளாக்கிய பழைய கோக் ஆலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் அடுப்புகளை ஒட்டி 150 மீட்டருக்குப் பனிச்சறுக்குத் தளம் போடுகிறார்கள், இருட்டியதும் சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அந்த அடுப்பு வரிசை இன்னும் எரிவது போலவே தெரியும்.