கர்டிஸ் பொட்டானிக்கல் மேகசின்: 1787-இல் தொடங்கிய அலங்காரச் செடிப் பத்திரிகையை இன்று படிக்கலாமா?

மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது, தொட்டியில் மண்புழு உரம் எத்தனை பங்கு போடுவது என்று தேடுகிறவர்களுக்கு இந்தப் பத்திரிகை உதவாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு செடியை வாங்கி வந்து வைத்த பிறகு இது எந்த ஊர்ச் செடி, நர்சரிக்காரர் சொன்ன பெயர் சரிதானா, இதை முதன்முதலில் தொட்டியில் வைத்து வளர்த்தது யார் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறோமே, நமக்கென்றே எழுதிய மாதிரி இருக்கும். மூன்று வருடமாக இதன் பழைய தொகுதிகளையும், கிடைத்தபோது புது இதழ்களையும் படித்து வருகிறேன். இந்தியாவில் இருந்துகொண்டு இதைப் படிப்பதில் என்ன கிடைக்கும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் வில்லியம் கர்டிஸ் என்பவர் 1787 பிப்ரவரியில் தொடங்கிய மாதப் பத்திரிகை இது. மருந்துக்கடைத் தொழில் கற்று, செல்சி மருந்துச்செடித் தோட்டத்தில் செடிகளைக் காட்டிப் பாடம் சொன்னவர். இதற்கு முன்னால் லண்டனைச் சுற்றித் தானாக முளைக்கிற செடிகளையெல்லாம் பெரிய அளவில் படம் போட்டு ஒரு நூல் கொண்டுவந்தார், அது கையைக் கடித்தது. வேலியோரத்துக் களையின் படத்துக்குப் பணம் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை, எல்லோரும் கப்பலில் வந்து இறங்கும் வெளிநாட்டுப் பூச்செடிகளின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். சரி, அதையே கொடுப்போம் என்று ஆரம்பித்ததுதான் இது. மாதம் 3 படம், ஒவ்வொன்றுக்கும் ஓரிரு பக்க விவரம், விலை 1 ஷில்லிங், விற்பனை 3000 பிரதி வரை போனது. முந்தைய நூல் பாராட்டைத் தந்தது, இந்தப் பத்திரிகைதான் சாப்பாடு போட்டது என்று அவரே சொன்னதாகச் சொல்வார்கள். திறந்தவெளியிலும் கண்ணாடி வீட்டிலும் சூடேற்றிய அறையிலும் வளர்க்கும் அலங்கார வெளிநாட்டுச் செடிகளை அவற்றின் இயல்பான நிறத்தில் காட்டுவோம் என்று தலைப்புப் பக்கத்திலேயே அச்சிட்டிருந்தார்கள், அந்த வாக்கை அநேகமாகக் காப்பாற்றியும் இருக்கிறார்கள்.

முதல் இதழின் முதல் படம் பாரசீக ஐரிஸ். உயரம் குறைவான கிழங்குச் செடி, பூ வெளிர்நீலம், இதழ் நுனியில் அடர்ந்த ஊதாத் திட்டு. படத்தைவிட அதன் கூட வரும் குறிப்புதான் எனக்குப் பிடித்தது. எப்போது பூக்கும், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் விட்டு வைத்தாலும் பூக்கும் ஆனால் மணல் கலந்த மண்ணில் இன்னும் திடமாக வரும், நாலு பூ இருந்தால் அறை முழுவதும் மணக்கும், நல்ல கிழங்கு ஹாலந்திலிருந்து வருகிறது என்று, பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கை வைத்துச் சொல்கிற மாதிரி எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வகுத்த முறைப்படி வகுப்பும் வரிசையும் இருக்கும், மகரந்தத் தாள் எத்தனை, சூலகம் எத்தனை என்ற கணக்கு. பூ வியாபாரியும் தாவரவியல்காரரும் ஒரே பக்கத்தைப் படிக்க முடிந்தது, இன்றைக்கு வரும் தோட்டப் பத்திரிகை எதிலும் இந்த இரண்டும் சேர்ந்து இருந்து நான் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம், படங்கள். செம்புத் தகட்டில் கோடுகளைச் செதுக்கி அச்சடித்துவிட்டு, நிறத்தைக் கையால் தீட்டினார்கள். ஒவ்வொரு பிரதிக்கும், ஒவ்வொரு மாதமும். அந்த வேலைக்கென்றே 30 பேர் வரை வைத்திருந்தார்கள். பிற்பாடு செம்புத் தகடு போய்க் கல்லச்சு வந்தது, ஆனால் கையால் நிறம் தீட்டுவது மட்டும் 1948 வரை நிற்கவில்லை. 161 வருடம்! அதனால் ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றில் இலை கொஞ்சம் மஞ்சளோடியிருக்கும், மற்றொன்றில் பச்சை அழுத்தமாக இருக்கும். வெவ்வேறு நூலகங்கள் ஸ்கேன் செய்த பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தே ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போயிருக்கிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது ஐந்தாவது தொகுதியைத்தான். அதில் 158-ஆவது படம் செம்பருத்தி, 169-ஆவது படம் வெட்சி, அதாவது நம் இட்லிப்பூ. இரண்டும் 1791-இல் வந்தவை. நமக்கு மொட்டை வெயிலில் மதில் ஓரமாக நின்று, ஆடு கடித்தாலும் திரும்பத் துளிர்க்கிற செடி. அவர்களோ அதைச் சூடேற்றிய கண்ணாடி அறைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள், அந்த அறைக்கே அப்போது ‘ஸ்டவ்’ என்றுதான் பெயர். தோல் பதனிட்ட பிறகு மிஞ்சும் ஓக் மரப்பட்டைச் சக்கையைக் குழியில் நிரப்பினால் அது புளித்துச் சூடேறும், அந்தச் சூட்டில் தொட்டியைப் பாதி புதைத்து வைப்பார்கள். ஒரு கொத்து இட்லிப்பூ பார்க்க இத்தனை பாடு.

அந்தப் படத்தை டேப்லெட்டில் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். "நம்ம வாசல் செடிதானே இது, இதுக்கு என்ன படம்?" என்றாள். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காம்பைப் பார்த்தியா, சரியா நீளமா வரைஞ்சிருக்கான். நாங்க சின்ன வயசுல அதை உருவி நுனியை உறிஞ்சுவோம், சொட்டுத் தேன் இருக்கும்" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் போய் வாசல் செடியை உற்றுப் பார்த்தேன், இருபது வருடத்தில் முதல் தடவை. இலைக்குக் காம்பு என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை, தண்டோடு ஒட்டி ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கிறது. பூவிதழ் நான்கும் நுனி கூர்ந்திருக்கிறது. மாடியில் தொட்டியில் நான் இதே செடி என்று நினைத்து வளர்த்ததில் இலைக்குச் சின்னக் காம்பு இருக்கிறது, இதழ் நுனி உருண்டை. அது சீன வெட்சி, வேறு இனம். ஒரே பெயர் சொல்லி இரண்டையும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பத்திரிகையை நான் விடாமல் படிப்பது இதற்காகத்தான், ஒரு பக்கம் படித்தால் போதும், செடிப் பக்கம் போய்க் குனிந்து பார்க்க வைத்துவிடும்.

நம் தெருவில் நிற்கும் பாதிச் செடிகள் இதில் ஏறியிருக்கின்றன. நித்தியகல்யாணி ஏழாவது தொகுதியில், அலமண்டா 1796-இல், போகன்வில்லா 1854-இல். மே மாதம் சாலையெல்லாம் சிவப்பாக்கும் குல்மொஹர், நாம் செம்மயிற்கொன்றை என்கிறோமே, அதற்கு அறிவியல் பெயர் முதன்முதலில் அச்சேறியதே இந்தப் பத்திரிகையில்தான், 1829-இல். மடகாஸ்கரில் அந்த மரத்தைப் பார்த்த தாவரவியலாளர் போஜர் வைத்த பெயரை, அப்போது ஆசிரியராக இருந்த வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் படத்தோடு வெளியிட்டார். பள்ளிக்கூட வாசலில் நின்ற அந்த மரத்தின் மொட்டை உடைத்து உள்ளே இருக்கும் தண்டுகளை வைத்துச் சண்டை போட்டு விளையாடிய எனக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தபோது கொஞ்சம் நெஞ்சு அடைத்தது.

உண்ணிச்செடியும் இருக்கிறது, 96-ஆவது படம், 1790. சின்னச் சின்னப் பூக்கள் மஞ்சளும் சிவப்புமாகக் கலந்த கொத்து, அழகாகத்தான் இருக்கிறது. அழகுக்காகவே இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள். முதுமலைக் காட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், இன்றைக்கு அது புல்லை முளைக்கவிடாமல் புதர் புதராக மண்டிக் கிடக்கிறது. (கூடலூர்ப் பக்கம் பழங்குடி மக்கள் அந்தக் குச்சியை வைத்தே ஆள் உயரத்துக்கு மேலான யானைகளைச் செய்கிறார்கள், பார்க்க வேண்டிய வேலை.) பழைய தொகுதிகளைப் படிக்கும்போது இது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். எங்கே வாங்கலாம், எப்படிப் பெருக்கலாம் என்று சொல்கிறார்களே தவிர, தொட்டியை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்ற கேள்வியே அந்தக் காலத்து ஆட்களுக்கு வரவில்லை. புது இதழ்கள் இதில் எவ்வளவோ தேவலை, செடி காட்டில் எந்த நிலையில் இருக்கிறது, அழிகிறதா என்பதையும் கட்டுரையில் எழுதுகிறார்கள்.

ஓவியர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வால்டர் ஹூட் ஃபிட்ச் 1834 முதல் 1877 வரை இதற்கு வரைந்தார், நேராகக் கல்லிலேயே வரைகிற கை. கடைசியில் கூலித் தகராறில் விலகிப் போனார், நியாயம் அவர் பக்கம் என்பதுதான் என் எண்ணம். அவருக்குப் பிறகு மட்டில்டா ஸ்மித் 2000-க்கும் மேற்பட்ட படங்கள் வரைந்தார். சுமத்ராவிலிருந்து வந்த, நம் சேனைக்கிழங்கின் ராட்சத உறவான டைட்டன் ஆரம் 1889-இல் லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தில் பூத்தபோது, அதை வரைந்ததும் அவர்தான். 20-ஆம் நூற்றாண்டில் லிலியன் ஸ்னெல்லிங், முப்பது வருடம். பெயர் தெரியாமல் போனது நிறம் தீட்டிய கைகள்தான்.

இப்போதைய இதழுக்கு வருவோம். கியூ தோட்டத்துக்காக வைலி நிறுவனம் வெளியிடுகிறது, வருடத்துக்கு 4 இதழ். நடுவில் 1984 முதல் 1994 வரை ‘கியூ மேகசின்’ என்று பெயரை மாற்றிப் பார்த்துவிட்டுப் பழைய பெயருக்கே திரும்பினார்கள், நல்ல காரியம். இன்றைக்கும் புகைப்படத்தை நம்பி நிற்காமல் செடியை ஓவியர் முன்னால் வைத்து நீர்வண்ணத்தில் வரைய வைக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம். கேமரா ஒரு பூவை ஒரு நிமிடத்தில் பிடிக்கும், ஓவியர் மொட்டு, மலர், காய், வெட்டிய சூல்பை எல்லாவற்றையும் ஒரே தாளில் வைப்பார். அண்ணன் மகள் ஆராய்ச்சி மாணவி, அவளுடைய பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து சில இதழ்கள் படித்தேன். சாகுபடிப் பகுதி சின்னதாக இருந்தாலும் அந்தச் செடியை வருடக்கணக்கில் வளர்த்தவர்கள் எழுதியது என்பது தெரிகிறது. 

குறை இல்லாமல் இல்லை. தனிநபர் சந்தா நம் கைக்கு எட்டும் விலையில் இல்லை. கட்டுரை நடை ஆராய்ச்சி இதழ் போல இறுகிவிட்டது, கர்டிஸிடம் இருந்த அந்த மதில்மேல் பேச்சு போய்விட்டது, அகராதி இல்லாமல் லத்தீன் வார்த்தைகளைத் தாண்ட முடியாது. வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கணக்கில் இருக்கும். பனியிலிருந்து எப்படிக் காப்பது என்று ஒரு பத்தி, நமக்கு வேண்டியதோ சித்திரை வெயிலிலிருந்து எப்படிக் காப்பது என்பது. ஆகவே என் கருத்து: சந்தா கட்டாதீர்கள். நூலகத்தில் கிடைத்தால் படியுங்கள். பழைய தொகுதிகள் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி இணையதளத்தில் முழுசாக, இலவசமாக இருக்கின்றன, அதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்த பழைய படங்கள் ஃபிரேம் போட்டு இணையத்தில் விற்கப்படுகின்றன. ஆசைப்பட்டு ஒரு ஆன்லைன் கடையில் ‘1790-களின் கைவண்ண அசல்’ என்று போட்டிருந்த அலமண்டா படத்தை வாங்கினேன். வந்ததும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மஞ்சள் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது, பிரிண்டரில் எடுத்த நகல். பணம் திரும்ப வர இரண்டு மாதம் அலைந்தேன். அசலில் புள்ளி இருக்காது, நிறம் கோட்டைத் தாண்டி அங்கங்கே கசிந்திருக்கும், தாளைச் சாய்த்துப் பிடித்தால் செம்புத் தகடு அழுத்திய தடம் சில படங்களில் தெரியும், படத்தின் கீழே வெளியிட்ட தேதி பொடி எழுத்தில் இருக்கும். அப்படியே அசல் கிடைத்தாலும், முழுத் தொகுதியைப் பிரித்துத்தான் அதை விற்கிறார்கள் என்பதால் எனக்கு இப்போது வாங்க மனசில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் தொகுதியிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம், குளிர்நாட்டுச் செடிகளாக வந்து சலித்துவிடும். ஐந்தாவது தொகுதியைத் திறந்து செம்பருத்தியையும் இட்லிப்பூவையும் பார்த்துவிட்டு, ஏழாவதில் நித்தியகல்யாணிக்குப் போங்கள். வாசலில் அந்தச் செடி இருந்தால் ஒரு கொத்தை ஒடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.