காரில் உப்புக்கறை: உடனே துடைப்பதா, வினிகர் போடுவதா?

திருநெல்வேலியை அடுத்த தாழையூத்துப் பக்கம் சிமென்ட் ஆலைக்கே சுண்ணாம்புக்கல் கொடுத்த மண். அங்கே போர்வெல் தண்ணீரில் கார் கழுவினால் வெள்ளை வட்டம் விழாமல் என்ன செய்யும்? நீர் ஆவியாகிவிடுகிறது, அதில் கரைந்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் பெயிண்டிலேயே தங்கிவிடுகின்றன.

முதல் வழி, காயவிடாமல் துடைப்பது. வெயில் ஏறுமுன் நிழலில் நிறுத்தி, ஒரு பக்கம் கழுவியதுமே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கடைசி வாளிக்கு மட்டும் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரோ, பிடித்துவைத்த மழைநீரோ கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கைப்பிடி இடுக்கிலும் கண்ணாடி ரப்பர் ஓரத்திலும் ஒளிந்திருந்து பிறகு வழிகிற நீர்தான் எமன். கதவுகளைத் திறந்து மூடிவிட்டு மறுபடி துடையுங்கள்.

அடுத்தது வினிகர். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துக் கறைமேல் ஓரிரு நிமிடம் வைத்தால் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். உடனே நன்றாக அலச வேண்டும். மெழுகுப் பூச்சும் கூடவே தேயும், மறுபடி பூசியாக வேண்டும். சூடான பானட்டில் வேண்டவே வேண்டாம். பெயிண்டையே அரித்துவிட்ட பழைய கறைக்கு இது பலிக்காது; பாலிஷ்தான் கதி.

என் ஓட்டு துணிக்கே. கறுப்புக் கார்க்காரர்களுக்கோ வேறு வழியே இல்லை.