சிஎச்32வி003: பத்து சென்ட் ரிஸ்க்-ஃபைவ் சிப்பை எதற்கு வாங்கலாம்?

மொத்தமாக வாங்கினால் ஒன்று சுமார் பத்து அமெரிக்க சென்ட்தான் என்று 2022-இல் வந்தபோதே சிஎச்32வி003 பேச்சாகிவிட்டது. இது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த தரநிலைக் கட்டளைத் தொகுதியில் ஓடும் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரல் ஏற்றி விளக்கு, சென்சார்களை இயக்கும் குட்டிக் கணினிச் சிப். தயாரிப்பு நான்ஜிங்கின் டபிள்யூசிஎச். ஆர்டுயினோ நகல் போர்டுகளில் யூஎஸ்பி வேலையைப் பார்க்கும் சிஎச்340-உம் இவர்களுடையதுதான். இந்த விலைக்கு இது நல்ல சிப் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஆசையாக வாங்கிய பலர் முதல் எல்ஈடி எரிவதற்குள்ளேயே ஓரங்கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் புரோகிராமரில், அதாவது கணினியிலிருந்து சிப்புக்கு நிரலை ஏற்றும் கருவியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எஸ்டிஎம்32 சிப்புகளுக்கான எஸ்டி-லிங்க் புரோகிராமர் இதற்கு உதவாது. டபிள்யூசிஎச்-லிங்க்ஈ வேண்டும், பெயரின் கடைசியில் அந்த ‘ஈ’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத பழைய லிங்க் இந்தச் சிப்போடு பேசாது. இணைப்புக்கு மூன்றே வயர்: 3.3 வோல்ட், கிரவுண்ட், லிங்க்கின் எஸ்டபிள்யூடிஐஓ என்ற காலிலிருந்து சிப்பின் பிடி1 காலுக்கு ஒன்று. கடிகாரத் துடிப்புக்கு வெளியே கிரிஸ்டல் வேண்டாம். உள்ளேயே இருக்கும் 24 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரை இரட்டித்து 48-க்குப் போகிறது. மின்கால்களுக்கு ஒட்டி ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும் கட்டாயம். எல்லாம் சரியாக இருந்தும் ‘சிப் இல்லை’ என்று வந்தால் லிங்க்கின் நீல விளக்கைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதும் அது எரிந்தால் லிங்க் ஆர்ம் வகைச் சிப்புகளுக்கான பயன்முறையில் இருக்கிறது. மோட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி யூஎஸ்பியில் செருகினால் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறும்.

அடுத்த பொறி எட்டுக்கால் பேக்கேஜ். சின்னதாக இருக்கிறதே என்று அதைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். அதன் 8-ஆம் காலில் பிடி1, பிடி4, பிடி5 மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கின்றன. சீரியல் (ஒவ்வொரு பிட்டாகத் தரவை வெளியே அனுப்பும் வழி) அனுப்பும் கால் பிடி5, புரோகிராம் ஏற்றும் கால் பிடி1. சீரியலை இயக்கிய கணமே புரோகிராமர் உள்ளே நுழையும் கதவும் அடைபடுகிறது. மீட்க வழி உண்டு: சிப்புக்கு மின்சாரம் லிங்க்ஈ-யிலிருந்தே போகட்டும், மினிசிஎச்லிங்க் என்ற நிரலேற்றும் மென்பொருளின் ‘அன்பிரிக்’ கட்டளையைக் கொடுங்கள். அது மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்து, உங்கள் நிரல் விழிப்பதற்குள் ஃபிளாஷை அழித்துவிடும். வேறு சப்ளையில் ஓடிக்கொண்டிருந்தால் லிங்க்கால் அதை நிறுத்த முடியாது, கட்டளையும் பலிக்காது. இந்தப் பேக்கேஜில், புரோகிராமர் நுழைய நேரம் கிடைக்கும்படி, நிரலின் தொடக்கத்திலேயே மூன்று வினாடி தாமதம் வைத்துவிடுவது நல்லது. பழக 20 கால் டிஎஸ்எஸ்ஓபி வாங்குங்கள், தலைவலி மிச்சம்.

மென்பொருளில் இரண்டு பாதை. நிறுவனத்தின் மவுன்ரிவர் ஸ்டூடியோ எல்லாவற்றையும் சேர்த்தே தருகிறது, ஆனால் கனம். சிஎச்32ஃபன் என்ற திறந்த மூலத் தொகுப்பு மேக்ஃபைலோடு முடிந்துவிடும், டெபியன், உபுண்டுவில் கிடைக்கும் சாதாரண ரிஸ்க்-ஃபைவ் ஜிசிசி கம்பைலரே போதும். பிழைதிருத்தும் அதே ஒற்றை வயர் வழியாக நிரல் பிரின்ட்எஃப் கட்டளையால் அச்சிடும் செய்தியும் கணினிக்கு வருகிறது, சீரியல் காலைத் தொடவே வேண்டாம். பத்து சென்ட் சிப்பில் இதை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

ஒரு பாதையின் எடுத்துக்காட்டை இன்னொன்றில் ஒட்டும்போதுதான் சிக்கல். நிறுவனத்தின் நிரல்களில் இன்டரப்ட் சார்புகளுக்கு (ஓடும் நிரலை இடையில் நிறுத்தி இயங்குபவை) ‘டபிள்யூசிஎச் இன்டரப்ட் ஃபாஸ்ட்’ என்ற அடையாளம் இருக்கும். அது அவர்கள் மாற்றியமைத்த ஜிசிசிக்கு மட்டுமே புரியும். சாதாரண ஜிசிசி ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அதைச் சாதாரணச் சார்பாகவே மொழிபெயர்க்கும். சார்பின் முடிவில், இன்டரப்ட்டிலிருந்து திரும்ப வைக்கும் எம்ரெட் கட்டளை இருக்காது, முதல் இன்டரப்ட்டிலேயே நிரல் திசைமாறும். வெறும் ‘இன்டரப்ட்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். எச்சரிக்கைகளைப் படிக்காமல் தள்ளிவிடுகிறவர்கள் இங்கே ஒரு மாலையையே தொலைப்பார்கள்.

திறந்த தரநிலை என்பதன் எல்லையும் இங்கே தெரிகிறது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி எல்லோருக்கும் பொது. அதைச் செயல்படுத்தும் சிங்கே வி2 கோர், அதாவது சிப்புக்குள் இருக்கும் செயலி, நிறுவனத்தின் சொந்தச் சொத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. கோரின் வடிவமைப்பையே படிக்க ஆசைப்பட்டால் 2024-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோ 2 வாங்குங்கள். அதிலுள்ள ஹசார்ட்3 கோரின் மூல வடிவமைப்பு திறந்தே கிடக்கிறது. ஆனாலும் பொதுத் தொகுதியால் கண்கூடான பலன் ஒன்று உண்டு: கம்பைலருக்காக யாரும் நிறுவனத்தின் வாசலில் நிற்கவில்லை. சிஎச்32ஃபன் போன்ற ஒன்றை வெளியாட்கள் கட்ட முடிந்ததே அதனால்தான்.

ஃபிளாஷ் 16 கேபி, ராம் 2 கேபி. 128-க்கு 64 ஓஎல்ஈடி திரைக்கு முழு பஃபர் (திரைப் படத்தின் நினைவகப் பிரதி) வைத்தால் 1024 பைட், அதாவது பாதி ராம் அங்கேயே போய்விடும். ரெஜிஸ்டர்கள் (செயலிக்குள் எண்களை வைக்கும் இடங்கள்) வழக்கமான 32-க்குப் பதில் 16. பெருக்கலுக்கு வன்பொருள் கிடையாது, ஒவ்வொரு பெருக்கலும் ஒரு நூலக அழைப்பு. தசம எண்களை பிரின்ட்எஃப்-இல் அச்சிட்டால் ஃபிளாஷ் மளமளவென்று நிரம்பும். சென்சார் அளவை மில்லிவோல்ட் முழு எண்ணாகவே வைத்துக் கணக்கிடுங்கள். மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏடிசி 10 பிட். மின்சாரம் போனாலும் அழியாத தனி ஈஈபிராம் நினைவகம் இல்லை, அமைப்புகளைச் சேமிக்க 64 பைட் ஃபிளாஷ் பக்கத்தை அழித்து எழுத வேண்டும். எஸ்பிஐ (தரவு அனுப்பும் வன்பொருள்), டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் தரவை நகர்த்தும் வன்பொருள்) இரண்டையும் சேர்த்து டபிள்யூஎஸ்2812 வண்ண விளக்குச் சரத்தை ஓட்டுவதில் மட்டும் இது அட்டினி85 என்ற பழைய குட்டி மைக்ரோகண்ட்ரோலரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 5 வோல்ட்டிலும் ஓடுவதால் இடையில் மின்னழுத்தத்தை மாற்றும் லெவல் ஷிஃப்டர் தேவைப்படாது.

வைஃபை வேண்டுமென்றால் இதை மறந்துவிட்டு ஈஎஸ்பி32-சி3 சிப் பக்கம் போங்கள், அதுவும் ரிஸ்க்-ஃபைவ்தான். இடம் போதவில்லை என்றால் இதே குடும்பத்தின் சிஎச்32வி006: 62 கேபி ஃபிளாஷ், 8 கேபி ராம், பெருக்கல் கட்டளையும் உண்டு. லிங்க்ஈ-யையே அதற்கும் பயன்படுத்தலாம், லிங்க்ஈ-க்குள் ஓடும் ஃபர்ம்வேர் மென்பொருளை மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.