ட்ரினிட்டி பியானோ எக்ஸாமோட டெக்னிக்கல் வொர்க்: சின்ன பசங்களுக்கு ஒர்த்தா?

பியானோ எக்ஸாமோட ஆரம்ப லெவலான இனிஷியல், கிரேடு 1 பசங்கள ரெடி பண்ற டீச்சரா எழுதுறேன். ட்ரினிட்டியா ஏபிஆர்எஸ்எம்மா, எந்த எக்ஸாம் போர்டு எடுக்கலாம்னு கேக்குற பேரன்ட்ஸ் எல்லாரும் பீஸ் (எக்ஸாம்ல வாசிக்கிற பாட்டு) எது ஈஸின்னு மட்டும்தான் பாக்குறாங்க, ஸ்கேல், எக்ஸர்சைஸ்னு விரல் பயிற்சி வர்ற டெக்னிக்கல் பக்கத்த யாரும் திருப்பிக்கூட பாக்குறதில்ல. எனக்கு அதுதான் முக்கியம், அதுலதான் ட்ரினிட்டி எனக்கு பிடிக்குது.

இந்த பகுதிக்கான மார்க்க பொறுத்தவரைக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ட்ரினிட்டில 100க்கு 14, ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகல்ல 150க்கு 21, கணக்கு போட்டா ரெண்டும் அதே 14 சதவீதம்தான். ஆனா ஏபிஆர்எஸ்எம்ல அந்த 21ம் ஸ்கேல் (நோட்டுகள வரிசையா ஏறி இறங்கி வாசிக்கிறது), ஆர்பெஜியோ (கார்டோட நோட்டுகள ஒண்ணொண்ணா வாசிக்கிறது) இதுக்கே போயிடும். ட்ரினிட்டில ஸ்கேலோட சேர்த்து குட்டி குட்டி எக்ஸர்சைஸும் உண்டு: டோன், பேலன்ஸுக்கு ஒண்ணு, ரெண்டு கையும் ஒத்துப்போறதுக்கு ஒண்ணு, விரல் மணிக்கட்டு பலத்துக்கு ஒண்ணு. ஸ்கேல மனப்பாடமா வாசிக்கணும், எக்ஸர்சைஸ நோட்டு பாத்தே வாசிக்கலாம், மறந்துடுமோன்னு பயப்படுற பசங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அந்த பேலன்ஸ் எக்ஸர்சைஸ் இருக்கே, அதுக்காகவே இந்த போர்ட எடுக்கலாம்ங்க. ஒரு கை பாட்டு மாதிரி கேக்கணும், இன்னொரு கை மெதுவா பின்னாடி வரணும், ஆனா புதுசா கத்துக்குற பசங்களுக்கு ஒரு கை அழுத்துனா இன்னொன்னும் கூடவே அழுத்தும். நான் என்ன பண்ணுவேன்னா சத்தமா வர வேண்டிய கைய மட்டும் நிஜமா வாசிக்க சொல்லுவேன், மெதுவா வர வேண்டிய கை கீய சும்மா தொட்டுட்டு மட்டும் போகணும், சத்தமே வரக்கூடாது. அது பழகுனதுக்கு அப்புறம் அந்த கைல கொஞ்சமா சத்தம் விட சொன்னா போதும், பேலன்ஸ் தானா வந்துடும், அதே வாரம் பீஸ்லயும் அது தெரியும்.

ஸ்கேல்ல எல்லாருமே மாட்டுற இடம் எஃப் மேஜர், வலது கை. சி மேஜர் பழக்கத்துல மூணாவது விரலுக்கு அப்புறம் கட்டைவிரல உள்ள விடுவாங்க, அது நேரா போய் பி ஃப்ளாட் கருப்பு கீல ஏறும், கை கோணிக்கும், முழங்கை வெளிய பறக்கும். பி ஃப்ளாட்டுக்கு நாலாவது விரல், அடுத்த சி நோட்டுக்கு கட்டைவிரல், அவ்ளோதான் விஷயம். முழு ஸ்கேலையும் திரும்ப திரும்ப ஓட்டாம ஏ, பி ஃப்ளாட், சி இந்த மூணு நோட்ட மட்டும் முன்னாடி பின்னாடி வாசிக்க வச்சா சீக்கிரம் செட் ஆகும்.

ரெண்டு கையும் சேர்த்து வாசிக்க ஆரம்பிக்கும்போது எதிரெதிர் திசைல போற சி மேஜர்தான் முதல்ல. கேக்க கஷ்டம் மாதிரி இருக்கும், ஆனா ரெண்டு கட்டைவிரலும் ஒரே சி நோட்டுல ஆரம்பிச்சா ரெண்டு கைலயும் ஒரே நேரத்துல ஒரே விரல்தான் வரும். ஒரே திசைல போனா வலது கைல எஃப் நோட்டுல விரல் மாறும், இடது கைல ஏ நோட்டுல மாறும், அதுலதான் பசங்க குழம்புறாங்க.

குறைன்னு சொன்னா, எக்ஸர்சைஸுக்கெல்லாம் பாட்டு மாதிரி தலைப்பு இருக்குறதால பசங்க குஷியாகி வேகமா அடிச்சு தள்ளுறாங்க, எதுக்கு அந்த எக்ஸர்சைஸ்ங்கிறதே காணாம போயிடுது. அப்புறம் பல டீச்சர்ஸ் பீஸ் மூணும் முடிச்சுட்டு கடைசி மாசம்தான் இத தொடுறாங்க, அது போர்டோட தப்பு இல்லதான். நான் பீஸுக்கு முன்னாடியே இத ஆரம்பிச்சுடுவேன், கிளாஸ்ல முதல் அஞ்சு நிமிஷம் இதுதான்.

ஸ்கேலே வேணாம்னு அடம் புடிக்கிற குழந்தைன்னா ஏபிஆர்எஸ்எம்மோட பெர்ஃபார்மன்ஸ் கிரேடு இருக்கு, நாலு பீஸ் மட்டும் வாசிச்சா போதும். பெரிய பசங்கன்னா ஓகே, முதல் ரெண்டு கிரேடுக்கு மட்டும் நான் அத சொல்ல மாட்டேன். ட்ரினிட்டி டெக்னிக்கல் வொர்க்குக்கு என் ரேட்டிங் 5க்கு 4.